வருடத்தை மனப்பாடம் செய்தால் மார்க் வராது! அமெரிக்க வரலாற்றுத் தேர்வின் முதல் அத்தியாயங்களைப் படிப்பது எப்படி?

கொலம்பஸ் கரீபியன் தீவுகளில் கால் வைத்தது 1492-ல். அமெரிக்கப் பள்ளிகளில் நடத்தப்படும் ஏ.பி. யூ.எஸ். ஹிஸ்டரி பாடத்திட்டம் தொடங்குவதோ 1491-ல். அந்த ஒரு வருடம் சும்மா சேர்க்கப்பட்டதல்ல. கொலம்பஸ் வருவதற்கு முன்பே அந்தக் கண்டத்தில் மக்கள் இருந்தார்கள். மக்காச்சோளம் பயிரிட்டார்கள், ஊர் கட்டினார்கள், வணிகம் செய்தார்கள். பாடம் அவர்களிடமிருந்து தொடங்குகிறது.

இந்தத் தேர்வை எப்படி அணுக வேண்டும் என்பதற்கும் அந்த 1491 ஒரு குறிப்புதான். 'யார், எப்போது வந்தார்கள்?' என்பதைவிட, 'வந்ததால் என்ன மாறியது, ஏன் மாறியது?' என்பதுதான் இங்கே கேள்வி.

நியூஜெர்சி, டெக்சாஸ், கலிஃபோர்னியா என்று குடியேறிய பல தமிழ்க் குடும்பங்களில் மே மாதம் வந்தாலே இந்தத் தேர்வுக் காய்ச்சல் தொற்றிக்கொள்ளும். பெரும்பாலும் 11-ம் வகுப்பில் எழுதப்படும் தேர்வு இது. 1 முதல் 5 வரை ஸ்கோர். 3 அல்லது அதற்கு மேல் எடுத்தால் பல கல்லூரிகள் அதற்கான கிரெடிட் தருகின்றன. எந்த ஸ்கோருக்கு எவ்வளவு என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். கிரெடிட் கிடைத்தால் கல்லூரியில் ஒரு பாடத்துக்கான கட்டணமும் நேரமும் மிச்சம்.

சிக்கல் எங்கே வருகிறதென்றால், நம் ஊரில் படித்த அப்பா அம்மாவுக்கு வரலாறு என்றால் வருடம், போர், ஒப்பந்தம், 'கோடிட்ட இடத்தை நிரப்புக'. 'நாலு தடவை எழுதிப் பார்த்தா மனசுல நின்னுடும்' என்பது நாம் வளர்ந்த முறை. இந்தத் தேர்வில் அது பாதி தூரம்கூடக் கொண்டு போகாது.

தேர்வின் அமைப்பு: முதலில் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்

மொத்தம் 3 மணி 15 நிமிடம். நான்கு வகைக் கேள்விகள்.

* கொள்குறி வினாக்கள்: 55 கேள்விகள், 55 நிமிடம். மொத்த மதிப்பில் 40 சதவிகிதம். தவறான விடைக்கு மார்க் குறைப்பு கிடையாது. அதனால் எதையும் விடாமல் பதிலளிக்கலாம்.
* சிறு விடை: 3 கேள்விகள், 40 நிமிடம், 20 சதவிகிதம்.
* ஆவணக் கட்டுரை: 7 ஆவணங்களைக் கொடுத்து, அவற்றை வைத்து ஒரு வாதம் எழுதச் சொல்வார்கள். 60 நிமிடம், 25 சதவிகிதம்.
* நீண்ட கட்டுரை: ஆவணம் எதுவும் இல்லாமல், தெரிந்ததை வைத்து எழுதும் வாதம். 40 நிமிடம், 15 சதவிகிதம்.

2025 முதல் முழுத் தேர்வும் 'ப்ளூபுக்' என்ற செயலியில் கணினி வழியாக நடக்கிறது. கட்டுரையையும் டைப் செய்ய வேண்டும். கையால் எழுதியே பழகிய பிள்ளைகள் வீட்டில் லேப்டாப்பில் நேரம் வைத்து எழுதிப் பார்ப்பது அவசியம்.

பாடம் ஒன்பது காலகட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. முதல் கட்டம் 1491 முதல் 1607 வரை. இதற்கு 4 முதல் 6 சதவிகிதம். இரண்டாவது 1607 முதல் 1754 வரை. 6 முதல் 8 சதவிகிதம்.

'இவ்வளவுதானா? அப்படியே தாண்டிப் போய்விடலாமே' என்று சில மாணவர்கள் நினைப்பார்கள். அங்கேதான் கோட்டை விடுகிறார்கள். நீண்ட கட்டுரையில் கொடுக்கப்படும் மூன்று தேர்வுகளில் ஒன்று 1491 - 1800 காலத்திலிருந்து வரும். சிறு விடையிலும் 1491 - 1877 காலத்துக்கு ஒரு கேள்வி உண்டு. அதையோ 1865 - 2001 காலத்தின் கேள்வியையோ தேர்ந்தெடுக்கலாம். இந்த ஆரம்ப காலத்தை நன்றாகப் படித்தவருக்கு இரண்டு இடத்திலும் ஒரு கதவு கூடுதலாகத் திறக்கிறது. அதைவிட முக்கியம், பின்னால் வரும் சுதந்திரப் போர், உள்நாட்டுப் போர் இரண்டுக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது.

நம் சமையலறையிலிருந்தே தொடங்கலாம்

முதல் காலகட்டத்தின் மையமான கருத்து, 'கொலம்பியன் எக்ஸ்சேஞ்ச்'. 1492-க்குப் பிறகு அட்லான்டிக் கடலின் இரு கரைகளுக்கும் இடையே நடந்த பயிர், விலங்கு, மனிதர், நோய்ப் பரிமாற்றம்.

இதை விளக்க எந்தப் புத்தகமும் தேவையில்லை. வீட்டு அஞ்சறைப்பெட்டியையும் காய்கறிக் கூடையையும் பார்த்தாலே போதும். மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, நிலக்கடலை, மரவள்ளி, மக்காச்சோளம், பப்பாளி, கொய்யா, முந்திரி எல்லாமே அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்தவை. அதற்கு முன் நம் சமையலில் காரம் என்றால் மிளகுதான். புதிதாக வந்த காய்க்கு 'மிளகாய்' என்று பெயர் வந்ததே அதனால்தான். மிளகாய் இல்லாத சாம்பாரைக் கற்பனை செய்தால், இந்தப் பரிமாற்றம் எவ்வளவு பெரியது என்று பிள்ளைக்குப் புரிந்துவிடும்.

எதிர்த் திசையில் குதிரை, மாடு, கோதுமை, கரும்பு போயின. கூடவே அம்மை நோயும் போனது. அந்த நோய்க்கு எதிர்ப்பு சக்தி இல்லாத பூர்வகுடி மக்கள் கூட்டம் கூட்டமாக இறந்தார்கள். கரும்புத் தோட்டத்துக்கு ஆள் தேவைப்பட்டது. ஆப்பிரிக்காவிலிருந்து மனிதர்கள் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டார்கள்.

பயிரிலிருந்து உழைப்புக்கும், உழைப்பிலிருந்து அடிமை முறைக்கும் இப்படி ஒரு சங்கிலி போகிறது. தேர்வில் மார்க் வாங்கித் தருவது இந்தச் சங்கிலிதான். பட்டியல் போட்டால் கிடைப்பதைவிட, ஒன்று இன்னொன்றுக்கு எப்படிக் காரணமானது என்று காட்டினால் அதிகம் கிடைக்கும்.

மூன்று நாட்டவர், மூன்று வழி

ஒப்பிடச் சொல்லும் கேள்விகள் இந்தத் தேர்வில் மிகச் சாதாரணம். அதனால் ஐரோப்பியர்களை ஒரே மூட்டையாகக் கட்டிப் படிக்கக் கூடாது.

ஸ்பானியர்கள் 1565-ல் ஃபுளோரிடாவில் செயின்ட் அகஸ்டின் நகரை நிறுவினார்கள். அவர்களுக்கு வெள்ளி வேண்டும், பூர்வகுடிகளின் உழைப்பு வேண்டும், அவர்களைக் கிறிஸ்தவத்துக்கு மாற்றவும் வேண்டும்.

பிரெஞ்சுக்காரர்கள் 1608-ல் கியூபெக்கை நிறுவினார்கள். வந்தவர்கள் குறைவு, தொழில், விலங்குத் தோல் வியாபாரம். பூர்வகுடிகளின் துணை இல்லாமல் அது நடக்காது. அதனால் உறவு கொண்டாடினார்கள், மண உறவும் வைத்துக்கொண்டார்கள்.

ஆங்கிலேயர்கள் 1607-ல் வர்ஜீனியாவில் ஜேம்ஸ்டவுனை நிறுவினார்கள். அவர்களுக்கு வேண்டியது நிலம். நிலம் வேண்டும் என்றால் அங்கே இருப்பவர் நகர வேண்டும். மோதல் தவிர்க்க முடியாததாகிவிட்டது.

யாருக்கு என்ன தேவைப்பட்டதோ, அதற்கேற்றபடிதான் பூர்வகுடிகளோடு உறவு அமைந்தது. இந்த ஒரு வாக்கியத்தைப் பிள்ளை தன் வார்த்தையில் சொல்லிவிட்டால், பல ஒப்பீட்டுக் கேள்விகளுக்கு அடித்தளம் தயார்.

புகையிலை, குடும்பம், அரிசி

ஆங்கிலேயரின் குடியேற்றங்களுக்குள்ளேயே பெரிய வேறுபாடுகள் உண்டு. அவற்றைப் படிக்க எளிய வழி: நிலமும் வானிலையும் எப்படி? என்ன விளைந்தது? யார் உழைத்தார்கள்? அதனால் எப்படிப்பட்ட சமூகம் உருவானது? ஒவ்வொரு பகுதிக்கும் இந்த நான்கு கேள்விகள்.

வர்ஜீனியா, மேரிலாண்ட் அடங்கிய செசபீக் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். 1609 - 10 குளிர்காலத்தில் ஜேம்ஸ்டவுனில் பெரும் பஞ்சம். பல நூறு பேர் இருந்த குடியேற்றத்தில் சுமார் 60 பேர்தான் மிஞ்சினார்கள். அதைக் காப்பாற்றியது புகையிலை. ஜான் ரோல்ஃப் 1612 வாக்கில் அதைப் பயிரிட்டுக் காட்டினார். புகையிலைக்கு ஏராளமான ஆள் வேண்டும். இங்கிலாந்தின் ஏழைகள் கப்பல் கட்டணத்துக்கு ஈடாகச் சில ஆண்டுகள் உழைக்க ஒப்புக்கொண்டு வந்தார்கள். மொரீஷியஸுக்கும் ஃபிஜிக்கும் ஒப்பந்தக் கூலிகளாகப் போன தமிழர்களின் கதை தெரிந்தவர்களுக்கு இந்த ஏற்பாடு உடனே பிடிபடும். வந்தவர்களில் பெரும்பாலோர் இளம் ஆண்கள். குடும்பங்கள் குறைவு, சாவு அதிகம்.

வடக்கே நியூ இங்கிலாந்து வேறு உலகம். 1620-ல் மேஃப்ளவர் கப்பலில் 102 பயணிகள். 1630-ல் ஜான் வின்த்ராப் தலைமையில் பியூரிட்டன்கள். இவர்கள் குடும்பமாக வந்தார்கள். குளிர் அதிகம், மண் சுமார். சிறு பண்ணை, மீன்பிடி, கப்பல் கட்டுதல், வணிகம். படித்த போதகர்கள் வேண்டும் என்பதால் 1636-லேயே ஹார்வர்டு. 50 குடும்பம் உள்ள ஊர் ஆசிரியர் வைக்க வேண்டும் என்று 1647-ல் சட்டம். மதச் சுதந்திரம் தேடி வந்தவர்கள்தான். ஆனால் மாற்றுக் கருத்து சொன்ன ரோஜர் வில்லியம்ஸையும் ஆன் ஹட்சின்சனையும் வெளியேற்றினார்கள். இந்த முரண்பாட்டைக் கட்டுரையில் சேர்த்தால் வாதம் ஆழமாகும்.

நடுவே பென்சில்வேனியா. 1681-ல் குவேக்கரான வில்லியம் பென்னுக்கு வழங்கப்பட்டது. பல மதத்தவர், பல மொழியினர், கோதுமை ஏற்றுமதி. தெற்கே கரோலினாவில் நெல். பார்படோஸ் தீவின் கரும்புத் தோட்ட முதலாளிகள் கொண்டுவந்த அடிமை முறை அங்கே வேர்விட்டது. 18-ம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சவுத் கரோலினாவில் வெள்ளையரைவிடக் கறுப்பின மக்கள் அதிகம். 1739-ல் அங்கேதான் ஸ்டோனோ கிளர்ச்சி வெடித்தது.

1619: ஒரே வருடம், இரண்டு தொடக்கங்கள்

இந்தக் காலகட்டத்தில் ஒரே ஒரு வருடத்தை ஆழமாகப் படிக்க வேண்டும் என்றால் அது 1619.

அந்த வருடம் ஜூலை 30-ல் ஜேம்ஸ்டவுன் தேவாலயத்தில் ஒரு சபை கூடியது. ஆங்கிலேய அமெரிக்காவில் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகள் கூடிய முதல் சபை அது. சில வாரங்கள் கழித்து, ஆகஸ்ட் இறுதியில், அதே வர்ஜீனியாவின் பாயின்ட் கம்ஃபர்ட்டில் 'ஒயிட் லயன்' என்ற கப்பல் வந்து நின்றது. அதில் அங்கோலா பகுதியிலிருந்து பிடித்துவரப்பட்ட ஆப்பிரிக்கர்கள் இருபது பேருக்குச் சற்று அதிகமாக இருந்தார்கள். உணவுப் பொருளுக்கு ஈடாக அவர்கள் கைமாற்றப்பட்டார்கள்.

மக்களாட்சியும் அடிமை வியாபாரமும் ஒரே மண்ணில், ஒரே கோடையில். 'சுதந்திரம் பேசிய சமூகம் எப்படி அடிமை முறையையும் வளர்த்தது?' என்பது இன்றும் அமெரிக்கர்கள் தங்களுக்குள் வாதிடும் கேள்வி. தேர்வுத் தாளிலும் அது வெவ்வேறு வேடத்தில் வரும்.

இதற்கு ஒரு வரி விடை கிடையாது. மாற்றம் படிப்படியாக நடந்தது.

* 1662: பிறக்கும் குழந்தை அடிமையா இல்லையா என்பதைத் தாயின் நிலையே தீர்மானிக்கும் என்று வர்ஜீனியா சட்டம் போட்டது. அடிமை முறை பரம்பரையானது.
* 1676: நத்தேனியல் பேக்கன் தலைமையில் கலகம். வெள்ளை ஒப்பந்தக் கூலிகளும் கறுப்பின அடிமைகளும் அதில் சேர்ந்து நின்றார்கள். ஜேம்ஸ்டவுன் எரிக்கப்பட்டது.
* 1698: ஆப்பிரிக்க அடிமை வியாபாரத்தில் ஒரே நிறுவனத்துக்கு இருந்த ஏகபோகம் முடிவுக்கு வந்தது. மற்ற வணிகர்களும் இறங்கினார்கள்.
* 1705: சிதறிக்கிடந்த சட்டங்களைத் தொகுத்து வர்ஜீனியா முழுமையான அடிமைச் சட்டம் கொண்டுவந்தது.

'பேக்கன் கலகத்தால்தான் அடிமை முறை வந்தது' என்று எழுதினால் பாதி மார்க்தான் மிஞ்சும். கலகத்துக்கு முன்பே 1662 சட்டம் இருக்கிறது. இங்கிலாந்திலிருந்து கூலிகள் வருவது குறைந்ததும் ஒரு காரணம். கலகம், ஆள் பற்றாக்குறை, சட்டம், வணிகம் என்று பல காரணங்களை அடுக்கி, எது முக்கியம் என்று ஒரு நிலைப்பாடு எடுப்பவருக்கே கூடுதல் புள்ளி.

'யார் எழுதியது?' என்று கேட்டுப் பழகுங்கள்

ஆவணக் கட்டுரைக்கு மொத்தம் 7 புள்ளிகள். குறைந்தது 4 ஆவணங்களை வாதத்துக்குப் பயன்படுத்த வேண்டும். குறைந்தது 2 ஆவணங்களுக்கு, எழுதியவரின் பார்வை, நோக்கம், சூழல், யாருக்காக எழுதினார் என்பதில் ஒன்றை விளக்க வேண்டும். ஆவணக் கட்டுரையின் தலைப்பு 1754-க்குப் பிந்தைய காலத்திலிருந்துதான் வரும். ஆனால், ஆரம்ப காலத்து ஆவணங்கள் கொள்குறி வினாக்களில் வரும். பழகவும் அவை ஏற்றவை.

1680-ல் நியூ மெக்சிகோவில் போப்பே என்பவர் தலைமையில் பியூப்ளோ மக்கள் எழுந்தார்கள். ஸ்பானியர்கள் சுமார் 12 ஆண்டுகள் அந்தப் பகுதியைவிட்டே விரட்டப்பட்டார்கள். இதைப் பற்றிக் கிடைக்கும் பதிவுகளில் பெரும்பாலானவை ஸ்பானிய அதிகாரிகள் எழுதியவை. பிடிபட்ட பியூப்ளோ மனிதரின் வாக்குமூலமேகூட ஸ்பானிய எழுத்தரின் கை வழியாகத்தான் வந்திருக்கிறது. தோற்றவர் தன் மேலதிகாரிக்கு எழுதும்போது எதைப் பெரிதாக்குவார், எதை மறைப்பார்? இப்படி யோசிப்பதுதான் பயிற்சி.

நம் ஊரிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 1649-ல் பாஸ்டனில் பிறந்த எலைஹு யேல், 1687 முதல் 1692 வரை சென்னை புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்தார். பெரும் செல்வம் சேர்த்தார். 1718-ல் கனெக்டிகட்டில் தடுமாறிக்கொண்டிருந்த ஒரு கல்லூரிக்கு 417 புத்தகங்களும், விற்று 562 பவுண்டு கிடைத்த சரக்கு மூட்டைகளும் அனுப்பினார். அந்தக் கல்லூரிதான் அவர் பெயரைத் தாங்கிய யேல் பல்கலைக்கழகம். நன்கொடைக் கடிதத்தை மட்டும் படித்தால் அவர் வள்ளல். அவர் காலத்தில் மதராஸ் துறைமுகத்திலிருந்து அடிமைகள் கப்பலேற்றப்பட்டதைச் சொல்லும் கோட்டைப் பதிவுகளையும் சேர்த்துப் படித்தால் படம் மாறும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர்தான் வரலாற்று மாணவர்.

முதல் வாக்கியத்தில் வாதம் இருக்கட்டும்

கட்டுரைக்கு உயிர் அதன் மைய வாதம். ஓர் ஒப்பீடு பாருங்கள்.

சவலையான வாதம்: 'ஆங்கிலேயக் குடியேற்றங்கள் பல விதங்களில் வேறுபட்டிருந்தன.' இது யாரும் மறுக்க முடியாத செய்தி. மார்க் கிடையாது.

வலுவான வாதம்: 'நியூ இங்கிலாந்தையும் செசபீக்கையும் நிறுவியவர்கள் ஒரே நாட்டவர் என்றாலும், குடும்பமாக வந்தவர்கள் ஊர்சார்ந்த சமூகத்தையும், புகையிலை லாபத்துக்காக வந்தவர்கள் கூலி, அடிமை உழைப்பைச் சார்ந்த சமூகத்தையும் உருவாக்கினார்கள், ஆனால் பூர்வகுடிகளின் நிலத்தைப் பறித்ததில் இரண்டும் ஒன்றே.' இதில் ஒப்பீடு இருக்கிறது, காரணம் இருக்கிறது, ஒற்றுமையும் இருக்கிறது. அடுத்த மூன்று பத்திகளில் என்ன எழுத வேண்டும் என்பதும் தெரிந்துவிடுகிறது.

கடைசி நான்கு வாரங்கள்

முதல் வாரம்: ஒரு வெள்ளைத் தாளில் நான்கு பகுதிகளுக்கும் நான்கு கேள்விகள் கொண்ட அட்டவணை. புத்தகம் பார்க்காமல் நிரப்பி, பிறகு சரிபார்க்கவும்.

இரண்டாம் வாரம்: தினமும் ஒரு ஆவணம். ஆசிரியர், வாசகர், நோக்கம், காலம். நான்கே வரிகள் போதும்.

மூன்றாம் வாரம்: முந்தைய ஆண்டுகளின் கட்டுரைக் கேள்விகளையும் மதிப்பெண் விதிகளையும் காலேஜ் போர்டு தன் இணையதளத்தில் இலவசமாகத் தருகிறது. காசு கொடுத்து புத்தகம் வாங்கும் முன் அதைப் பாருங்கள். பத்துக் கேள்விகளுக்கு மைய வாதம் மட்டும் எழுதிப் பழகினால் போதும்.

நான்காம் வாரம்: நேரம் வைத்து ஒரு முழு மாதிரித் தேர்வு. எந்தக் கேள்வியில் நேரம் போகிறது என்று பார்த்து, அதைச் சரிசெய்ய மீதி நாட்கள்.

இந்த ஆரம்ப காலத்துக்குத் தேவையான வருடங்கள் ஒரு கை விரல்களுக்குச் சற்றே மேல்: 1492, 1607, 1619, 1620, 1676, 1680, 1754. கடைசியாக உள்ளது, பிரிட்டனுக்கும் பிரான்ஸுக்கும் வட அமெரிக்காவில் போர் தொடங்கிய ஆண்டு. மற்றவற்றுக்கு முன், பின் வரிசை தெரிந்தால் சமாளிக்கலாம்.

பெற்றோர் என்ன செய்யலாம்?

அமெரிக்க வரலாறு தெரியாதே என்று தயங்க வேண்டாம். தெரியாமல் இருப்பதே இங்கே ஒரு வசதி. இரவுச் சாப்பாட்டின்போது, அன்று படித்ததைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். புத்தக வாக்கியத்தை அப்படியே ஒப்பிக்க முடியாது என்பதால், புரிந்திருந்தால்தான் தமிழில் கதையாக வரும். ஊரிலிருக்கும் தாத்தா பாட்டிக்கு வீடியோ கால் போட்டுச் சொல்லச் சொன்னால் இன்னும் நல்லது. அவர்கள் கேட்கும் 'அப்புறம்?' என்ற கேள்வியைவிட, 'அது ஏன் அப்படி ஆச்சு?' என்ற கேள்விதான் பிள்ளைக்கு உதவும்.

இந்த வாரமே கேட்டுப் பார்க்கத் தோதாக ஒரு கேள்வி: 'சபை கூட்டி ஓட்டுப் போட்ட அதே ஆட்கள், ஒரு மாசம் கழிச்சு மனுஷங்களை எப்படி விலைக்கு வாங்கினாங்க?' பிள்ளை யோசிக்க நேரம் எடுத்துக்கொண்டால், அவசரப்படுத்தாமல் காத்திருங்கள்.